அப்பத்தாவுக்கு வயது 103ஆ, 94ஆ?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்த எங்கள் அப்பத்தா போன மாதம் தவறிவிட்டார். 103 வயது என்று பெரியப்பா ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார். ஆதாரில் 1.1.1931 என்று இருக்கிறது, அதன்படி 94தான். "தனுஷ்கோடிப் புயலப்ப உங்க சித்தப்பன் கைப்பிள்ளை" என்று அப்பத்தா சொல்வார். வருஷ திதிக்கு அவரைப் பற்றிச் சிறு புத்தகம் போடப் போகிறோம், எழுதுவது நான். எந்த வயதைப் போடுவது? என் அம்மாவை அவர் படுத்திய பாட்டையும் எழுதலாமா?
- ஒரு பேத்தி, பரமக்குடி

பதில்: ஜனவரி 1ஐ நம்ப வேண்டாம். பிறந்த நாள் தெரியாத எத்தனையோ பேருக்கு எழுதிவைத்த தேதி அது. 103ஐயும் ஓரமாக வையுங்கள். கல்யாணச் சாவு என்றால் நூறைத் தாண்டினால்தான் பெரியப்பாக்களுக்குத் திருப்தி!

புயலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள். அது 1964 டிசம்பர் 22 இரவு. சித்தப்பா கைப்பிள்ளை என்றால் கடைசிப் பிரசவம் அதற்குச் சற்று முன்புதான். 103 சரியென்றால் அப்போது அப்பத்தாவுக்கு 42 ஆகியிருக்கும், நடக்காத காரியமில்லை. அதனால் மூத்த அத்தையிடம் போங்கள். அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அப்போது அத்தை தூக்குச்சட்டியோடு பள்ளிக்கூடம் போனாரா, சமைந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டாரா? அவருடைய பள்ளிச் சான்றிதழை மட்டும் கேட்காதீர்கள். கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியாரே தேதி போட்ட காலம் அது. யாராவது தமிழ் வருஷத்தின் பெயரைச் சொன்னால் உங்கள் அதிர்ஷ்டம்: பிரபவ என்றால் 1927-28, பிரஜோற்பத்தி என்றால் 1931-32. அதே பெயர் மறுபடி வர 60 வருஷம் ஆகும், குழப்பமே வராது. இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு மூன்று வருஷம் முன்பின் இருக்கலாம். 'சுமார்' என்று போட்டுக்கொள்ளுங்கள்.

வயதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. சாவு வீட்டில் ஒப்பாரி பாடிய பெண்களைத் தேடிப் போய் செல்போனில் பதிவு செய்யுங்கள். கண்மாய் வற்றிய வருஷம் யார் வீட்டில் நெல் கடன் வாங்கினார், பாம்படத்தை எதற்காகக் கழற்றி விற்றார், பிறந்த வீட்டோடு ஏன் பேச்சு நின்றது என்பதெல்லாம் அந்த வரிகளில் வந்துவிடும். என் ஆச்சி இறந்தபோது நான் இதைச் செய்யவில்லை. பாடியவர்களில் இன்று ஒருவர்கூட இல்லை.

'பொறுமையின் சிகரம்', 'அன்பின் ஊற்று' எல்லாம் வேண்டாம். எந்த அப்பத்தாவுக்கும் பொருந்தும் வார்த்தைகள். மிளகாய்ப் பழத்தைக் களத்தில் எப்படிக் காயப்போடுவார், யார் வந்தால் எழுந்து நிற்பார், யார் வந்தால் வெற்றிலையை இடித்துக்கொண்டே இருப்பார் என்று எழுதுங்கள்.

அம்மா விஷயத்தை அம்மாவிடமே கேளுங்கள். அவர் சரி என்றால் ஒரே ஒரு சம்பவம், நடந்தது நடந்தபடி, அவர் சொன்ன வார்த்தையிலேயே. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அப்புறம், அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தைப் பெரியப்பாவிடம் காட்டாதீர்கள். 103ஐத் திருத்தியதற்கே அவர் ஒரு வாரம் பேசமாட்டார்.