முழங்கால் வலிக்கு இடுப்பைத் திருகிப் பார்ப்பது ஏன்?

கேள்வி: எனக்கு 52 வயது. முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். எட்டு மாதமாக இடது முழங்காலில் வலி. எக்ஸ்ரே பார்த்து, வயதுக்கேற்ற தேய்மானம்தான் என்றார்கள். இப்போது சம்மணம் போட்டால் இடது கால் மடங்க மாட்டேன் என்கிறது. மடியில் வைத்துச் சுற்றும் சுளகுத் தட்டு சாய்கிறது. வேறொரு டாக்டர் படுக்கவைத்துக் காலைத் திருகிப் பார்த்துவிட்டு, கோளாறு இடுப்பு மூட்டில் என்கிறார். ஸ்கேன் எடுக்காமல் சொன்னதை நம்பலாமா?

பதில்: நம்பலாம். சுளகு சாய்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்கும் இடுப்பு மூட்டின் மேல்தான் சந்தேகம் போனது. சம்மணம் போட முழங்கால் மடங்கினால் மட்டும் போதாது, தொடை வெளிப்பக்கம் நன்றாகத் திரும்ப வேண்டும். அது இடுப்பு மூட்டின் வேலை. அந்த மூட்டுக்குப் போகும் நரம்புகளின் கிளைகள் முழங்காலுக்கும் போவதால், கோளாறு மேலே இருக்க வலி கீழே தெரியும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்தே வருடத்தை ஓட்டியவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

அவர் காலைத் திருகியதுதான் இதில் முக்கியமான சோதனை. மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் தள்ளினால் தொடை எலும்பு உள்பக்கம் திரும்பும். நல்ல மூட்டு சுமார் 30 முதல் 40 டிகிரி திரும்பும். தேய்ந்த மூட்டிலும், ரத்த ஓட்டம் குறைந்து, தொடை எலும்பின் மேல்நுனியான பந்து எலும்பு பழுதான மூட்டிலும் பெரும்பாலும் முதலில் குறைவது இந்தத் திருப்பம்தான். கொஞ்சம் திருப்பியதுமே தொடை இடுக்கில் சுருக்கென்று வலித்ததா? வலது காலில் அப்படி இல்லையா? அப்படியானால் அவர் சொன்னது அநேகமாகச் சரி.

நல்ல காலின் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லியிருப்பார். இடுப்பு மூட்டு இறுகியிருந்தால் மற்ற கால் தானாகக் கட்டிலைவிட்டு மேலே எழும்பும். முதுகை வளைத்து அதை மறைக்க முடியாது. அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வது. இடது காலில் நிற்கும்போது வலப்பக்க இடுப்பு கீழே இறங்கினால், இடது இடுப்பைத் தாங்கும் தசை வலுவிழந்திருக்கிறது. 1895இல் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்த சோதனை இது. இன்றும் காசு செலவில்லாமல் நடக்கிறது. காலை நீட்டியபடியே உயர்த்தும்போது பாதம்வரை மின்னல் மாதிரி இழுத்தால் மட்டும் முதுகுத் தண்டுவடப் பக்கம் பார்க்க வேண்டும்.

சரி, இனி படம் எடுக்கலாம். இரண்டு இடுப்பு மூட்டும் ஒரே படத்தில் தெரியும்படி எக்ஸ்ரே போதும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம். அது நன்றாக இருந்தும் வலி நீடித்தால் எம்ஆர்ஐ தேவை. பந்து எலும்புப் பழுது ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. வலிக்கென்று பெயர் தெரியாத மாத்திரைப் பொட்டலம் வாங்கிச் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், அதுவே எலும்பைக் கெடுக்கும்.

அதுவரை தரையில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுங்கள். கம்பு ஊன்றினால் வலது கையில் ஊன்றுங்கள். வலிக்கிற பக்கமே பிடிப்பதுதான் பலரும் செய்யும் தவறு. திடீரென்று காலை ஊன்றவே முடியாமல் போனாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.