எதிர்ப்பு சக்தி இல்லாததாலா வெண்புள்ளி?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஆறு மாதமாக இடுப்பில், பாவாடை நாடா கட்டும் இடத்தில், வரிவரியாய் வெண்புள்ளி. உடம்பில் எதிர்ப்பு சக்தி இல்லை என்று நாத்தனார் தினமும் கஷாயம் காய்ச்சுகிறார். மீன் தின்று மோர் குடித்ததுதான் காரணம் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி டாக்டர்?
– ஒரு வாசகி, உசிலம்பட்டி

பதில்: இரண்டு பேருமே இல்லை அம்மா. (உங்கள் வீட்டில் இதைச் சத்தமாகப் படிக்க வேண்டாம்.) கடிதத்தில் நீங்கள் எழுதியிருந்த ‘வெண்குஷ்டம்’ என்ற சொல்லை மாற்றித்தான் அச்சுக்குக் கொடுத்தேன். குஷ்டத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, தொட்டால் ஒட்டாது. மீனும் மோரும் பாவம், விட்டுவிடுங்கள்.

மகளுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறது. அது ஆள் மாறி அடிக்கிறது, அதுதான் சங்கதி. கிருமி புகுந்த செல்லைத் தேடி அழிக்க வேண்டிய டி செல்கள், தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட்டுகளைத் தாக்குகின்றன. அப்போது அவை விடும் இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் பொருள் பட்டதும், சுற்றியுள்ள தோல் செல்களே இன்னும் டி செல்களை வரவழைக்கின்றன. திட்டு அகலமாகிறது. இதில் சக்தியை ஏற்றிவிட எதற்குக் கஷாயம்?

நாடா விஷயம் முக்கியம். உரசும் இடம், காயம் பட்ட இடம் பார்த்துப் புதுப்புள்ளி வரும். மேலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கார்போகரிசியை (பூசிய தோலில் வெயில் பட்டால் பொசுக்கிவிடும் விதை) அரைத்துப் பூசிக்கொண்டு மொட்டை மாடியில் நின்றான். சித்திரை வெயில். முழங்கை முழுக்கக் கொப்புளம். ஆறிய இடத்தில் புதிதாய் வெள்ளை. நாடாவைத் தூக்கிப்போட்டுவிட்டு அகலமான, தளர்ந்த பட்டி வைத்துத் தைத்துக் கொடுங்கள்.

பகல் வெளிச்சத்தில் திட்டுக்குள் இருக்கும் பூனைமுடியைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் நல்ல சேதி. நிறம் திரும்பும்போது முடிக்காலைச் சுற்றித்தான் கடுகு கடுகாய்க் கிளம்பும்.

மதுரைப் பெரியாஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கூட்டிவாருங்கள். டி செல்களை அடக்கும் களிம்பு, 311 நானோமீட்டர் புற ஊதா ஒளி என்று வழி இருக்கிறது. முன்னே சொன்ன இன்டர்ஃபெரான் சமிக்ஞையையே மறிக்கும் ரக்சோலிட்டினிப் களிம்புக்கு அமெரிக்காவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். நிறம் வந்ததும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். சில டி செல்கள் அங்கேயே தங்கியிருக்கும், பழைய இடத்திலேயே மறுபடி கிளம்பும்.

இதே கோளாறு தைராய்டையும் தொடுவதுண்டு. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது, தைராய்டின் வேலையைக் காட்டும் டி.எஸ்.ஹெச்.சும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.