லிஸ்ட்ல 'கேட்ச்-ஆல்'னு வந்தா மெயில் அனுப்பலாமா?

கேள்வி: திருப்பூர்ல சின்னதா பனியன் யூனிட் வெச்சிருக்கோம் சார். வெளிநாட்டு பையர்ஸோட மெயில் ஐடிய, அது நிஜமான்னு செக் பண்ற வெரிஃபிகேஷன் டூல்ல போட்டா, நிறைய ஐடிக்கு 'கேட்ச்-ஆல்', 'அன்நோன்'னு வருது. அனுப்பலாமா, இல்ல தூக்கிடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: அவசரப்பட்டு தூக்கிடாதீங்கம்மா. அந்த டூல் நிஜமா மெயில் அனுப்புறதில்ல, பையரோட மெயில் சர்வர்கிட்ட போய் "இந்த ஐடிக்கு வந்தா வாங்கிப்பியா"ன்னு மட்டும் கேட்டுட்டு வந்துடும், சர்வரோட பதில் ஒரு நம்பர் கோடா வரும், 250ன்னு வந்தா சரி, 550ன்னா பெரும்பாலும் அப்படி ஒரு ஐடியே இல்ல, அதை மட்டும் கண்ணை மூடிட்டு எடுத்துடுங்க. கேட்ச்-ஆல்னா, வாய்க்கு வந்த பேரைப் போட்டாலும் அந்த சர்வர் 250தான் சொல்லும், ஆள் இருக்காரா இல்லையான்னு டூலால கண்டுபிடிக்கவே முடியாது. அந்த பையரோட வெப்சைட்ல அதே ஐடி இருக்கான்னு பாருங்க, இருந்தா தாராளமா அனுப்பலாம். மத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அனுப்பி, எவ்ளோ பவுன்ஸ் ஆகுதுன்னு, அதாவது போய் சேராம திரும்பி வருதுன்னு, பார்த்துட்டு மேல போங்க.

அன்நோன் வேற கதை. சில சர்வர் புதுசா வர்றவங்கள 451 சொல்லி "அப்புறம் வா"ன்னு திருப்பி அனுப்பிடும், மறுநாள் செக் பண்ணா ரிசல்ட்டே மாறலாம்.

இன்னொண்ணு, 'வேலிட்'னு வந்தா அந்த பாக்ஸ் இருக்குன்னுதான் அர்த்தம், உங்க மெயில் அவருக்கு வேணும்னு அர்த்தமில்ல! ஜிமெயில் 2024 பிப்ரவரில இருந்து ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்த தொடக்கூடாதுன்னு கறாரா இருக்கு, அதனால ஒரே மெயில எல்லாருக்கும் தட்டி விடாம அவங்க என்ன துணி வாங்குறாங்கன்னு பார்த்து எழுதுங்க.