ஒருவருக்கு மூன்று ஓட்டு

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியம் நாட்டில் சிலருக்கு மட்டும் மூன்று ஓட்டுகள் இருந்தன என்று பட்டிமன்றம் ஒன்றில் கேட்டேன். உண்மையா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: உண்மைதான். ஆனால் அதற்கு முன்பு அங்கே பெரும்பாலோருக்கு ஒரு ஓட்டுகூட இல்லை. 1830இல் நெதர்லாந்திலிருந்து பிரிந்த பெல்ஜியம் மறு ஆண்டே இயற்றிக்கொண்ட அரசியலமைப்பு, பத்திரிகைக்கும் வழிபாட்டுக்கும் தாராளமாகச் சுதந்திரம் வழங்கியபோதிலும், ஓட்டுரிமையில் மட்டும் கையை இறுக்கிக்கொண்டது. 20 முதல் 100 ஃபுளோரின் (அன்றைய நெதர்லாந்து நாணயம்) வரையிலான வரம்புக்குள், ஊருக்கு ஊர் வேறுபட்ட நேர்முக வரித்தொகையைக் கட்டிய ஆண்களே வாக்காளர்கள். சுமார் 40 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் அவர்கள் ஏறத்தாழ 46,000 பேர். 1848இல் பாரிஸில் புரட்சி வெடித்ததும், அந்த நெருப்பு எல்லை தாண்டிவிடுமோ என்று அஞ்சிய பிரஸ்ஸல்ஸ் அரசு, தொகையை எல்லா ஊர்களுக்கும் 20 ஃபுளோரினாகக் குறைத்தது. வாக்காளர்கள் சுமார் 79,000 ஆனார்கள்.

பெரிய மாற்றம் 1893இல்தான் வந்தது. அனைவருக்கும் ஓட்டுரிமை என்ற கோரிக்கையை ஏப்ரல் மாதம் நாடாளுமன்றம் நிராகரிக்க, 1885இல் தோன்றிய தொழிலாளர் கட்சி பொது வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. சுரங்கங்களும் ஆலைகளும் நின்றன. மோன்ஸ் நகரருகே துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். சில நாட்களில் நாடாளுமன்றம் இறங்கிவந்தது, ஆனால் பாதி வழிதான். 25 வயதான ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு ஓட்டு. 35 வயதைக் கடந்து, குடும்பத் தலைவராக இருந்து வீட்டு வரியாக 5 பிராங்க் கட்டினால் இன்னொன்று. குறிப்பிட்ட அளவு சொத்தோ சேமிப்போ இருந்தாலும் இன்னொன்று. உயர்கல்விப் பட்டம் பெற்றவருக்குக் கூடுதலாக இரண்டு. எப்படிக் கூட்டினாலும் மூன்றுக்கு மேல் கிடையாது. வாக்காளர் பட்டியல் சுமார் பத்து மடங்கு பெருகி 13 லட்சத்தைத் தாண்டியது, ஓட்டளிப்பதும் கட்டாயமாயிற்று. ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொண்ட ஏற்பாடு என்றே நான் இதைக் கருதுகிறேன்.

கேள்வி: அக்காலத்தில் அங்கே ரகசிய ஓட்டு உண்டா? (வாசகி, மதுரை)

பதில்: பெயரளவில் ரகசியம்தான். வாக்காளர் தம் ஊரிலேயே ஓட்டுப் போட முடியாது. வட்டாரத் தலைநகருக்குப் போக வேண்டும். வண்டிக் கூலியும் வயிறாரச் சாப்பாடும் பெரும்பாலும் வேட்பாளரின் செலவு. ஓட்டுச் சீட்டை அரசு அச்சடித்துத் தருவதில்லை. வீட்டிலேயே எழுதிக்கொண்டுவந்து, மடித்து, தலைமை அலுவலரிடம் கொடுக்க வேண்டும். இங்கேதான் சூட்சுமம். வேட்பாளரின் பெயரோடு அவருடைய பட்டத்தையோ ஊரையோ முன்பே பேசிக்கொண்ட விதத்தில் சேர்த்து எழுதச் சொல்லிவிட்டால், எண்ணும்போது சீட்டுகள் உரக்கப் படிக்கப்படும்; கூடத்தில் உட்கார்ந்து கேட்கும் நிலக்கிழாருக்குத் தம் குத்தகைக்காரர் சொன்னபடி நடந்தாரா என்பது அப்போதே தெரிந்துவிடும். கத்தோலிக்கக் கட்சித் தலைவர் மாலுவின் அரசு 1877இல் கொண்டுவந்த சட்டம், அரசே அச்சிட்ட சீட்டையும் மறைப்புத் தடுப்பையும் ஏற்படுத்தி இந்த வித்தைக்கு முடிவுகட்டியது.

கேள்வி: விகிதாசாரத் தேர்தல் பெல்ஜியத்தில் எப்படி வந்தது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கட்சிகள் பெற்ற ஓட்டு விகிதத்துக்கு ஏற்ப இடங்களைப் பங்கிடும் இந்த முறை, 1894 தேர்தலின் அதிர்ச்சியால் வந்தது எனலாம். பெரும்பான்மை பெற்ற பட்டியலே ஒரு வட்டாரத்தின் எல்லா இடங்களையும் அள்ளிக்கொள்ளும் முறையில் கத்தோலிக்கர் 104, சோஷலிஸ்டுகள் 28 என வென்றபோது, பலமுறை நாட்டை ஆண்ட லிபரல் கட்சி 20 இடங்களுக்குச் சுருங்கிப்போனது. கென்ட் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் விக்டர் தொண்ட் வகுத்த கணக்கு அப்போது கைகொடுத்தது. ஐந்து இடங்களுக்கு மூன்று கட்சிகள் 12,000, 7,000, 5,000 ஓட்டுகள் பெற்றதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் 1, 2, 3 என வகுத்து, வரும் எண்களில் மிகப் பெரிய ஐந்தைப் பொறுக்கினால் 12,000, 7,000, 6,000, 5,000, 4,000 கிடைக்கும். ஆகவே முதல் கட்சிக்கு மூன்று, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. பழைய முறையில் முதல் கட்சி பெரும்பான்மை எட்டினால் ஐந்தும் அதற்கே. 1899இல் சட்டமான இம்முறை 1900 மே மாதத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது; கத்தோலிக்கரின் பெரும்பான்மை குறைந்தும் நீடித்தது. கும்பகோணம் வாசகர் கேட்ட கூடுதல் ஓட்டுகளோ இந்தச் சீர்திருத்தத்தையும் தாண்டிப் பிழைத்திருந்து, முதல் உலகப் போருக்குப் பின் 1919 தேர்தலில்தான் மறைந்தன.