ரஷ்யர்களின் ரயில் நினைவுகளில் இசை ஏன் இவ்வளவு கலந்திருக்கிறது?

அது நடைமேடையிலேயே தொடங்கிவிடுகிறது. பல நிலையங்களில் நெடுந்தூர ரயில் புறப்படும்போது ஒலிபெருக்கியில் ‘ஸ்லாவியப் பெண்ணின் விடைபெறல்’ என்ற அணிவகுப்பு இசை ஒலிக்கும். பால்கன் போர் மூண்ட 1912இல், தம்போவ் நகரில் இசை பயின்றுகொண்டிருந்த ராணுவ இசைக்கலைஞர் வசீலி அகாப்கின் அமைத்தது. போருக்குப் போகிறவர்களை வழியனுப்பிய பெண்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். மிடுக்கான நடைதான், ஆனால் அதனடியில் ஓடும் சோகம் நெஞ்சைப் பிசைந்துவிடும். கையசைத்துப் பிரிந்தவர்களுக்கு அதை மறக்க முடியுமா?

உள்ளே வேறோர் உலகம். ‘பிளாட்ஸ்கார்ட்’ எனப்படும் திறந்த படுக்கைப் பெட்டியில் 54 படுக்கைகள், தடுப்புக் கதவுகள் கிடையாது. ஒருவர் கிதாரைத் தொட்டால் சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். சோவியத் காலத்தில் கோடைக்காலக் கட்டுமானப் பணிக்குப் போன மாணவர் குழுக்கள் இப்படித்தான் பாடிக்கொண்டே பயணம் செய்தன. மாஸ்கோவிலிருந்து விளாடிவோஸ்தோக் வரை 9,288 கிலோமீட்டர், ஏறக்குறைய ஒரு வாரம். அந்நியர்கள் சேர்ந்து பாட அவகாசம் தாராளம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு ஒலி: உலோகப் பிடிக்குள் நிற்கும் தேநீர்க் கண்ணாடித் தம்ளரில், தண்டவாளத்தின் தாளத்துக்கு இரவு முழுவதும் கிணுகிணுக்கும் கரண்டி.