சொல்யூஷனில் தீ பிடித்தால் சிவப்பு சிலிண்டரை எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி: பேரணாம்பட்டில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். தோலை ஒட்டும் பசையான சொல்யூஷன் தடவும் மேசைக்கு மேலேயே, தீயை அணைக்கும் 6 கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டரை மாட்டி வைத்திருக்கிறோம். இதுவரை யாரும் அதைத் தொட்டதில்லை. தீ பிடித்தால் எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: முதலில் அந்த இடத்திலிருந்து அதைக் கழற்றி, வாசல் பக்கம் மாட்டுங்கள். உங்கள் யூனிட்டில் தீ பிடிக்க அதிக வாய்ப்புள்ள இடமே சொல்யூஷன் மேசைதான். அங்கே எரியும்போது அதற்கு மேலே இருக்கும் சிலிண்டரை யார் கை நீட்டி எடுப்பது? வாசலில் இருந்தால், எடுக்கிறவருக்குப் பின்னால் வெளியே போகும் வழியும் இருக்கும். வெயில் நேராக விழாத சுவராகப் பாருங்கள். வேலூர்ப் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பயன்படுத்தும் முறை. சிலிண்டரைத் தரையில் நிறுத்தி, கைப்பிடியில் செருகியிருக்கும் ஊசியைத் திருகி இழுங்கள். அதைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் சீல் தானாக அறுந்துவிடும். பதற்றத்தில் பலரும் கைப்பிடியை அழுத்திக்கொண்டே ஊசியை இழுக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஊசி இறுகிக்கொண்டு வரவே வராது. பிடியைத் தளர விட்டு இழுத்தால் சட்டென்று வந்துவிடும். அப்புறம் எட்டு, பத்து அடி தள்ளி நின்று, குழாயின் நுனியை ஒரு கையால் பிடித்து, கைப்பிடியை அழுத்துங்கள். மேலே ஆடும் ஜுவாலையில் அடித்தால் பவுடர் வீணாகும். தீயின் அடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பெருக்குவது போல அடிக்க வேண்டும்.

சொல்யூஷன் தீக்கு இந்தத் தூரம் மிகவும் முக்கியம். கிட்டே போய் டப்பாவுக்குள் நேராக அடித்தால், பவுடர் வரும் வேகத்தில் எரிகிற சொல்யூஷன் தெறித்து நாலா பக்கமும் பரவும். தண்ணீரும் ஊற்றக்கூடாது. சொல்யூஷனின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து போய், தள்ளியிருக்கும் பொறியிலும் பற்றிக்கொள்ளும். பவுடர் தீயை அணைக்குமே தவிரச் சூட்டை அவ்வளவாகத் தணிக்காது. அதனால் அணைந்தாலும் முதுகைக் காட்டாமல், பார்த்துக்கொண்டே பின்னால் நகருங்கள்.

6 கிலோ என்றாலும் ஏறக்குறைய 15, 20 விநாடியில் காலியாகிவிடும். ஆகவே தீ ஒரு டப்பா, ஒரு மேசை அளவில் இருக்கும்போது மட்டும் முயலுங்கள். கூரையைத் தொட்டாலோ, புகை சூழ்ந்தாலோ, வழி மறிக்கப்பட்டாலோ சிலிண்டரைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தோல் போகட்டும், மெஷின் போகட்டும். சிறிய தீயிலும் ஒருவர் சிலிண்டரை எடுக்கும்போதே இன்னொருவர் மற்றவர்களை வெளியேற்ற வேண்டும், மூன்றாமவர் 101-ஐ அழைக்க வேண்டும். யார் எதைச் செய்வது என்று இன்றைக்கே பேசி வையுங்கள்.

தையல் மெஷின் மோட்டாரில் புகை வந்தால் முதலில் மெயினை ஆஃப் செய்யுங்கள். ஏபிசி பவுடரை மின்சாரத் தீயிலும் அடிக்கலாம், ஆனால் மோட்டாருக்குள் பவுடர் புகுந்தால் மெஷின் கெட்டுப்போகும். சுவிட்ச் போர்டு பக்கம் ஒரு சிறிய கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருந்தால் நல்லது. அதன் கூம்புக் குழலை மட்டும் வெறுங்கையால் பிடிக்காதீர்கள், உறைந்து கை புண்ணாகிவிடும்.

மாதம் ஒருமுறை மீட்டரின் முள் பச்சையில் நிற்கிறதா, சீல் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு முறை அழுத்தியிருந்தாலும் பிரஷர் மெல்லக் கசிந்துவிடும், உடனே ரீஃபில் செய்தாக வேண்டும்.

யாரும் தொட்டதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கவலையாக இருப்பது அதுதான். அடுத்த முறை ரீஃபிலுக்கு அனுப்பும்முன் அதைத் திறந்தவெளிக்கு எடுத்துப் போய், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, காலி அட்டைப் பெட்டி ஒன்றைக் குறிவைத்து உங்கள் ஆட்களையே அடிக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். அப்போது தீயணைப்பு நிலையத்தார் பல இடங்களில் செயல்விளக்கம் தருவார்கள். உங்கள் யூனிட்டுக்கும் வரச் சொல்லிப் பக்கத்து நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.