பிந்திச் சேர்ந்தால் சீனியாரிட்டி போய்விடுமா?

கேள்வி: தேர்வாணையத் தேர்வில் தேறி இளநிலை உதவியாளராகத் தேர்வானேன். அப்போது பிரசவம் என்பதால் அவகாசம் கேட்டு, துறை கொடுத்த உத்தரவின்படி மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தேன். இப்போது வந்துள்ள தற்காலிகப் பணிமூப்புப் பட்டியலில், தர எண்ணில் (ரேங்க்) எனக்குப் பின்னால் இருந்த நான்கு பேர் எனக்கு மேலே இருக்கிறார்கள். "முதலில் சேர்ந்தவர்தான் சீனியர்" என்கிறார் கண்காணிப்பாளர். இப்போதே சண்டை எதற்கு, பதவி உயர்வு வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, பதவி உயர்வு வரும்வரை தயவுசெய்து காத்திருக்காதீர்கள். கையில் நியாயம் இருந்தும் தாமதத்தால் மட்டுமே தோற்றுப்போகும் பணிமூப்பு வழக்குகள் ஏராளம்.

கண்காணிப்பாளர் சொல்வது பல அலுவலகங்களில் வழக்கமாக நம்பப்படுவதுதான், ஆனால் சரியல்ல. ஒரே அறிவிப்பின்படி ஒரே பதவிக்கு, ஒரே அலகில் (பணிமூப்பு ஒன்றாகக் கணக்கிடப்படும் பிரிவில்) நேரடியாக நியமிக்கப்பட்டவர்களுக்குள் பணிமூப்பைத் தீர்மானிப்பது தேர்வாணையம் கொடுத்த தர வரிசை. யார் எந்தத் தேதியில் சேர்ந்தார் என்பது அதை மாற்றாது. பிந்திச் சேர்ந்ததால் உங்கள் தகுதிகாண் பருவம் (புரபேஷன்) பிந்தி முடியும், ஊதிய உயர்வுத் தேதி தள்ளிப்போகலாம். அவை வேறு விஷயங்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். அவகாசம் கொடுத்த உத்தரவை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். பணிமூப்பை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அதில் நிபந்தனை ஏதும் இருக்கிறதா, நீங்கள் சேர்ந்த நாள் அவகாசத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது.

அப்புறம் ஆட்சேபணை மனு. பட்டியல் சுற்றறிக்கையில் ஆட்சேபணைக்குக் கடைசி நாள் போட்டிருப்பார்கள், அதற்குள் கொடுங்கள். "எனக்கு அநீதி நடந்துவிட்டது" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. உங்கள் தர எண், அந்த நான்கு பேரின் தர எண்கள், பட்டியலில் அவரவர் வரிசை எண், அவகாச உத்தரவின் எண், தேதி எல்லாவற்றையும் குறிப்பிட்டு, "என் பெயரை இன்ன வரிசை எண்ணில் வைக்க வேண்டும்" என்று கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். தர வரிசை கையில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் கேளுங்கள். பதில் தர 30 நாள் ஆகலாம், அதற்காக மனுவை நிறுத்தி வைக்க வேண்டாம்.

மனு நிராகரிக்கப்பட்டாலோ பதிலே வராவிட்டாலோ, அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பணிமூப்பில் இளையவர் தன்னைத் தாண்டிப் பதவி உயர்வு பெற்றால் ஆறு மாதத்துக்குள், மிஞ்சிப்போனால் ஒரு வருடத்துக்குள் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்று சதாசிவசாமி எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1974-இலேயே சொல்லிவிட்டது. மூன்று நான்கு வருடம் நிலைத்துவிட்ட பணிமூப்பைக் கலைக்க நீதிமன்றங்கள் விரும்புவதில்லை. மனுமேல் மனு போட்டுக்கொண்டிருந்தாலும் இந்தக் காலம் நீளாது. பதவி உயர்வு வரும்போது பார்க்கலாம் என்ற யோசனையை நான் வேண்டாம் என்பது இதனால்தான். அதற்குள் இந்தப் பட்டியல் இறுதியாகிப் பல வருடம் ஆகியிருக்கும்.

பணிமூப்பு கிடைத்தால் பதவி உயர்வு தானாக வந்துவிடாது. உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படுவதுதான் உங்கள் உரிமை. துறைத் தேர்வுகளை முடித்து, பணிப்பதிவேட்டில் பதிந்திருக்கிறார்களா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கு வரை போனால், அந்த நான்கு பேரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க வேண்டும். தினமும் பக்கத்து நாற்காலியில் உட்காருபவர்கள் என்பதால் சங்கடமாக இருக்கும், புரிகிறது. ஆனால் அவர்களைச் சேர்க்காவிட்டால், பாதிக்கப்படுவோரைக் கேட்காமல் உத்தரவிட முடியாது என்று சொல்லியே மனுவைத் தள்ளுபடி செய்துவிடலாம்.